பொலோனியாவில் பல்கலைக்கழகம் எங்கே?

இத்தாலியின் பொலோனியாவுக்கு ஒருநாள் பயணமாக வருகிறவர்களுக்கு, ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று ஆர்க்கிஜின்னாசியோ மாளிகையைத்தான் முதலில் காட்டுவார்கள். மாணவர்களின் ஆயிரக்கணக்கான குலச்சின்னங்கள் சுவரெங்கும் நிறைந்த அந்த மாளிகையைத் தவறவிடக் கூடாதுதான். ஆனால் அது கட்டி முடிந்தது 1563இல். பல்கலைக்கழகம் தன் பிறப்பாண்டாகச் சொல்வதோ 1088. அந்த ஆண்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு விழாக் குழுதான் தீர்மானித்தது, உறுதியான சான்று இல்லை என்று வரலாற்றாசிரியர்கள் மறுக்கலாம், நியாயமே. நூறாண்டு தள்ளிப் போட்டாலும், பல நூற்றாண்டுகள் தனக்கென ஒரு மாளிகை இல்லாமலே அது இயங்கியது என்பது மாறாது. ஆசிரியர் வீட்டிலும் வாடகை அறையிலும் பாடம் நடந்தது. மாணவர்கள் சங்கமாகத் திரண்டு ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், தாமதமாக வந்தவர்களுக்கு அபராதமும் போட்டார்கள். கட்டடம் இல்லாததே அவர்களுடைய பலம்: பிடிக்காவிட்டால் ஊரைவிட்டே கிளம்பலாம். அப்படி 1222இல் கிளம்பிப் போனவர்களால் உருவானதே பதுவா பல்கலைக்கழகம்.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது தெருக்களை. வெளியூர் மாணவர்கள் வந்து குவிய, வீடு போதாமல், மேல்மாடிகளைத் தெருப்பக்கம் நீட்டித் தூண் கொடுத்துத் தாங்கினார்கள். ஸ்ட்ராடா மஜ்ஜோரேயில் ஓங்கி நிற்கும் ஓக் மரத் தூண்களை இன்றும் காணலாம். 1288இல் புது வீடுகளுக்கு இப்படித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம் கட்டாயமென்று நகரச் சட்டம் வந்தது. இடம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, நடக்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும். எவ்வளவு உயர்ந்த ஏற்பாடு! நகரின் நடுப்பகுதியில் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர் தாழ்வாரங்கள் உள்ளன. 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நாட்டுப்புறத்திலிருந்து வந்த கைவினைஞர்களும் வணிகர்களும்தானே இவற்றைப் பெருக்கினார்கள் என்று கேட்கலாம். உண்மை. மாணவர்களுக்கு மட்டும் இந்தப் பெருமை சேராது. ஆனால் அவர்களும் மற்றவர்களோடு ஒரே கூரையின் கீழ் நடந்தார்கள், பேரம் பேசினார்கள், வாதிட்டார்கள். மதில் எழுப்பித் தனியே ஒதுங்கவில்லை. சான் பிரான்செஸ்கோ தேவாலயத்துக்கு வெளியே, தூண்கள்மேல் பிரமிடுக் கூரையோடு பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர்களின் கல்லறைகள் நிற்கின்றன. தேவாலயத்துக்குள் மறைக்காமல், போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி தன் ஆசிரியர்களைத் தெருவோரம் நிறுத்தியிருக்கிறது இந்த நகரம். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலையில் மாளிகையைப் பார்த்துவிட்டு, ஸ்ட்ராடா மஜ்ஜோரேயில் தொடங்கி இந்தக் கல்லறைகள்வரை நடப்பதே சரியான வழி.