மலை ஏறினா மனசு லேசு!

காலேஜ் முடிச்ச கையோட நிறைய அமெரிக்கப் பசங்களும் பொண்ணுங்களும் தென் கொரியாவுக்கு ஃப்ளைட் ஏறிடறாங்க. ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்ற வேலை! 'எபிக்'ங்கிற அரசுத் திட்டம் 1995-லிருந்தே இதுக்கு ஆள் எடுக்குது.

வேலை ஓகே. ஆனா, சாயங்காலம்? சின்ன ரூம், புரியாத பாஷை. வீட்டுக்கு போன் போடலாம்னா நியூயார்க்ல அப்போ விடியற்காலை. ரெண்டு மாசம் இப்படியே போனா உடம்பும் மனசும் சோர்ந்துடும்.

இதுக்கு சியோல்லயே மருந்து இருக்கு. பேர், புகான்சான் தேசியப் பூங்கா. 2007-லிருந்து நுழைவுக் கட்டணம் கிடையாது. உச்சி 836 மீட்டர். கடைசியில வெறும் பாறைதான், இரும்புக் கம்பியைப் பிடிச்சுத்தான் ஏறணும். மூச்சு வாங்கி நிற்கிறப்போ, அறுபது வயசு கொரியப் பாட்டி நம்மளை அசால்ட்டா ஓவர்டேக் பண்ணுவாங்க. உச்சியில உட்கார்ந்தா வெள்ளரிக்காயை நீட்டுவாங்க. அதை வாங்கிச் சாப்பிட பாஷை எதுக்கு?

மலைன்னாலே அலர்ஜியா? ஹான் ஆற்றங்கரையில சைக்கிள் பாதை இருக்கு. 2015-ல வந்த 'தருங்கி' வாடகை சைக்கிளை எடுத்து மிதிக்கலாம்.

ரூமுக்குள்ளேயே தண்டால் எடுத்தா உடம்பு தேறும். ஊர் பழகணும்னா ஊர்க்காரங்களோட சேர்ந்து வியர்க்கணும். எந்த நாட்டுக்குப் பெட்டி கட்டினாலும் ஷூவை மறந்துடாதீங்க பாஸ்!