அரையர் தலையில் குல்லாய்

ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில், மார்கழி அத்யயன உற்சவத்தின்போது அரையர்கள் திவ்யப் பிரபந்தப் பாசுரங்களைத் தாளம் தட்டி இசைத்து, அபிநயம் பிடித்துச் சேவிப்பர். ஸ்ரீரங்கத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தச் சேவை உண்டு. அப்போது அரையர் தலையில் கூம்பாக உயர்ந்த தொப்பி ஒன்று இருக்கும். திருமண், சங்கு, சக்கரம் ஆகிய சின்னங்கள் அதில் இருக்கும். இரு பக்கமும் காதை மறைக்கும் மடிப்புகள் தொங்கும். அதன் பெயர் குல்லாய். சாமி முன்னால் போகிறவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்வதுதான் தாமிரபரணிக் கரையின் வழக்கம். அதே சந்நிதியில் ஒருவர் தலையை மூடிக்கொண்டு நிற்கிறார் என்பதே இந்தத் தொப்பியின் மூலத்தைத் தேடத் தூண்டுகிறது.

சொல்லின் பிறப்பிடம் சுலபமாகவே கிடைத்துவிடுகிறது. பாரசீகத்தில் தொப்பிக்கு 'குலாஹ்' என்று பெயர். உருதுவிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதன் உறவுச் சொற்கள் உள்ளன. பட்டாணியர் கூம்பான குலாவைத் தலையில் வைத்து, அதைச் சுற்றி 'லுங்கி' என்னும் நீளத் துணியைக் கட்டுவர். அந்த லுங்கி தமிழ்நாட்டில் இடுப்புக்கு இறங்கிவிட்டது, அது தனிக்கதை.

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. அரையர் சேவையைத் தொடங்கி வைத்தவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. நம்மாழ்வார் அவதரித்த குருகூருக்கு, அதாவது இதே ஆழ்வார்திருநகரிக்கு, வந்து பாசுரங்களைப் பெற்றார் என்றும், மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் அவற்றை இசையோடு பயிற்றுவித்தார் என்றும் சொல்வர். அவர் காலம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டியது. தமிழ்க் கோயிலுக்குள் ஒரு பாரசீகச் சொல் நுழைய அது மிக முந்திய காலம். ஆகவே சேவை பழையது, பெயர் புதியது. தொப்பியும் பெயரோடு சேர்ந்து வந்ததா, அதற்கு முன்பே இருந்த தலையணி புதுப் பெயர் பெற்றதா என்பது அடுத்த கேள்வி.

முதலில் கண்ணில் படுவது கடல்வழி. தாமிரபரணி ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்துக்கு ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியிருக்கிறார். அந்த வணிகர்களின் தொப்பியை நெல்லைச் சீமை பார்த்திருக்கும். ஆனால் துறைமுகத்தில் பார்த்த தொப்பியை யாரும் கோயிலுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அதற்கு முன் அது மரியாதைக்குரிய உடையாகியிருக்க வேண்டும்.

அந்த மரியாதையைக் கொடுத்தது விஜயநகர அரசவை. அங்கே 'குல்லாயி' என்னும் உயரமான கூம்புத் தொப்பியும் 'கபாயி' என்னும் நீண்ட அங்கியும் அரசவை உடையாக இருந்தன. 15ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞர் ஸ்ரீநாதர், அந்த அவைக்காகக் குல்லாயி போட நேர்ந்ததைத் தனிப்பாடல் ஒன்றில் அலுத்துக்கொள்கிறார். கிருஷ்ணதேவராயரை நேரில் கண்ட போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அரசர் தலையில் சரிகைத் தொப்பி இருந்ததையும் காலில் ஒன்றும் இல்லாததையும் குறித்துவைத்தார். திருமலையில் இரு தேவியருடன் கைகூப்பி நிற்கும் ராயரின் உலோகச் சிலையிலும் அந்த நெடுந்தொப்பியைக் காணலாம். சாமி முன்னால் குல்லாயோடு நிற்பது குறையல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. விஜயநகர மன்னர்கள் தங்களை 'இந்துராய சுரத்ராண', அதாவது இந்து அரசர்களுள் சுல்தான், என்று சொல்லிக்கொண்டவர்கள். இந்த உடையையும் பட்டத்தையும் சேர்த்து ஆராய்ந்த பிலிப் வாகனர் 1996இல் எழுதிய கட்டுரை, அவை பரந்த இசுலாமிய உலகத்தின் அரசவை நாகரிகத்தோடு கைகோத்தவை என்று விளக்குகிறது.

இந்த நாகரிகம் தாமிரபரணிக்கு வந்த காலமும் தெரிந்ததே. 1532இல் அச்சுததேவராயரின் படை திருவடி தேசத்து மன்னரை எதிர்த்து இந்த ஆற்றங்கரை வரை வந்தது. பின்னர் மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் அமைந்தன. நெல்லைக்கு அருகே கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயில் எழுந்தது. கோயில் மரியாதைகள் பலவும் இக்காலத்தில் அரசவை முறைகளைத் தழுவின. 'அரையர்' என்ற சொல்லுக்கே அரசர் என்று பொருள் இருக்க, பெருமாள் அவையில் பாடுபவருக்கு அரசவைத் தொப்பி பொருந்திப்போனதில் வியப்பில்லை. பெயரும் இன்றைய வடிவமும் அந்த வழியில் வந்தவை என்று கொள்வதே பொருத்தம்.

கோயிலுக்கு வெளியே குல்லாய்க்கு இந்த மதிப்பு கிடைக்கவில்லை. ஒருவருக்குக் 'குல்லாப் போடுவது' என்றால் ஏமாற்றுவது. 1920களில் கதரில் தைத்த காந்திக் குல்லா காங்கிரஸ்காரரின் அடையாளமானது. காந்தியோ 1921 செப்டம்பரில் மதுரையில் அரையாடைக்கு மாறியபோதே தொப்பியைக் கைவிட்டுவிட்டார். தொண்டர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முகத்தை மட்டும் வெளியே விடும் கம்பளித் தொப்பி குரங்குக் குல்லா ஆயிற்று. ஆங்கிலத்தில் அதற்கு, 1854இல் கிரிமியப் போர்க்களமான பாலக்லாவா ஊரின் பெயர். மார்கழிப் பனிக்கு அஞ்சும் பெரியவர்கள் போட்டுக்கொள்வது இதைத்தான். ஆனால் கோயில் வாசலில் கழற்றிவிடுவார்கள்.