முள்ளின் பின்னால் ஓடாதீர்கள்

வெள்ளி, இரவு 10 மணி

டெக்சாஸ் பாணி பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, 5, 6 கிலோத் துண்டாக இருந்தால் மூடிய கரியடுப்பில் வேக 12 மணி நேரமாவது பிடிக்கும். அடுப்புக்குள் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, வெப்பமானியின் முள் கொஞ்சம் அசைந்தாலே காற்றுத்துளையைத் திருகுகிறவர்கள் உண்டு. அந்தப் பதற்றம்தான் சமையலைக் கெடுக்கிறது என்கிறேன். அவ்வளவு பெரிய ஈரச்சதை சூட்டை மிக மெதுவாகவே உள்வாங்கும். அடுப்பின் காற்று அரை மணி நேரம் 130-க்கு ஏறி இறங்கினாலும் நடுச்சதையில் அது அநேகமாகத் தெரியாது. கறி அறிவதெல்லாம் இரவு முழுவதன் சராசரியைத்தான்.

சனி, பின்னிரவு 1 மணி

கீழ்த்துளையைத் திறந்த உடனே சூடு ஏறிவிடாது. கங்கு பக்கத்துக் கரியைப் பற்றவைத்து, அது சாம்பல் பூத்து, அடுப்பின் சுவரும் சூடேறக் கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குள் பொறுக்காமல் இன்னொரு முறை திருகினால் இரண்டின் சூடும் சேர்ந்து 150-ஐத் தொட்டுவிடும். பயந்துபோய் அடைத்தால் கனல் அவியும். மூடியைத் தூக்கிப் பார்ப்பது இன்னும் மோசம்: முள் சட்டென்று விழும், ஆனால் கனல் புதுக் காற்றைக் குடித்து, மூடிய பிறகு முன்னிலும் மேலே ஏறும். கறியின் சூடு 65, 70 டிகிரிக்கு அருகே மணிக்கணக்கில் நின்றுவிடும்போதும் இதே தவறு நடக்கிறது. தீ குறைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் கறி வியர்க்கிறது. மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்விக்கிறது. இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்.

சனி, விடியல் 4 மணி

அப்படியானால் எதற்கும் கவலைப்பட வேண்டாமா என்று கேட்கலாம். மேலே போவதை விடக் கீழே போவதற்குத்தான் கவலைப்பட வேண்டும். 4 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் வேகமாகப் பெருகும் என்று அமெரிக்க வேளாண் துறை எச்சரிக்கிறது. தீ அணைந்தது தெரியாமல் விடிந்தால் கறியை நம்ப முடியாது. விசிறியுள்ள கட்டுப்பாட்டுக் கருவி இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாதா? ஓரளவு பார்க்கும். ஆனால் அதற்குக் காற்றை ஊதவும் நிறுத்தவும்தான் தெரியும். மூடி இடுக்கில் நுழையும் காற்றை அது தடுக்காது. எனவே காவல் தொடக்கத்திலேயே வேண்டும். ஜிம் மினியன் பெயரால் வழங்கும் முறையில் பற்றாத கரியை நிறைய நிரப்பி, மேலே சில கங்குகளை மட்டும் வைக்கிறார்கள். தீ மெல்லப் பரவி இரவைக் கடக்கிறது. அடுப்பு திறந்த வெளியில் இருக்கட்டும். பழைய சாம்பலை முதலிலேயே வழித்தெடுங்கள், அது துளையை அடைக்கும். வெப்பமானியின் மணியைக் கீழே 95-க்கும் மேலே 140-க்கும் வையுங்கள். அது ஒலிக்கும்வரை அடுப்பைத் தொடாதீர்கள்.