இரண்டாம் மிதி

கடந்த ரமலான் பிறை 28 அன்று, அஸர் தொழுகைக்குப் பின், உம்மா நோன்புக் கஞ்சித் தூக்குடன் எங்கள் காரின் பின்னிருக்கையில் ஏறினார்கள். மயிலாப்பூரிலிருந்து அடையாறில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பயணம். வண்டியை ஓட்டியவர் அக்காவின் கணவர், எங்கள் மச்சான். எங்கள் வீட்டுக் காரை அவர் ஓட்டியது அன்றுதான் முதன்முறை.

திரு.வி.க. பாலத்தைத் தாண்டி அடையாறு பக்கம் இறங்கும்போது முன்னே சென்ற ஆட்டோ திடீரென நின்றது. மச்சான் பிரேக்கை மிதித்தார். பெடல் எதிர்ப்பே இல்லாமல் பாதிக்கு மேல் இறங்கியது. வேகம் சற்றுக் குறைந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. ஆட்டோவின் பின்புறத்தில் மோதிய பிறகே நின்றது. ஆட்டோவில் பயணிகள் இல்லை. ஓட்டுநருக்குக் காயம் இல்லை. கஞ்சி முழுவதும் உம்மாவின் கால்களில் கொட்டியது. அதன் சூடு ஏற்கெனவே ஆறியிருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அன்று இரவு தராவீஹ் முடிந்து வந்ததும் மச்சான் எங்கள் இருவரிடமும், அண்ணனிடமும் தம்பியிடமும், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிரேக் இப்படி இருக்கிறது என்று ஏன் மச்சான் சொல்லவில்லை?"

எங்களிடமிருந்து வந்த பதிலை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "இரண்டு தடவை மிதித்தால் பிடித்துவிடுமே!"

அது பொய்யன்று. வாப்பா வாங்கிய அந்த வண்டியில் ஏறக்குறைய ஓராண்டாக நாங்கள் அப்படித்தான் நிறுத்திக்கொண்டிருந்தோம். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போகும். உடனே விட்டு மீண்டும் மிதித்தால் மேலேயே நின்று கெட்டியாகப் பிடிக்கும். ஒரே நாளில் இப்படி ஆகியிருந்தால் பதறியிருப்போம். நாளுக்கு ஒரு நூலளவு குறைந்ததால் எங்கள் கால் அதைக் கற்றுக்கொண்டது; மனத்துக்குத் தெரிவிக்கவும் இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் கடக்கும். இரண்டாவது மிதிக்கு அரை வினாடி போனாலும் ஐந்தரை மீட்டர் போய்விடுகிறது. இரண்டு ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தும் நீளம் அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பெருநாள் கழித்து அந்த வண்டியை இராயப்பேட்டை அன்பர் ஒருவருக்கு விற்பதாகப் பேசியிருந்தோம். காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல அவருக்கு ஒரு கார் தேவைப்பட்டது. "பிரேக் எல்லாம் சரியாக இருக்கிறதா பாய்?" என்று அவர் கேட்டபோது, "சரியாக இருக்கிறது" என்றோம். அவரை ஏற்றிக்கொண்டு தி.நகர் வரை போய்வந்தபோதும் வண்டியை ஓட்டியவர்கள் நாங்களே. இரண்டாம் மிதியை அவர் பார்க்கவில்லை. விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்ற மார்க்கச் சட்டம் எங்களுக்குத் தெரியாததன்று. குறையை நாங்கள் குறையாகவே கருதவில்லை என்பதுதான் உண்மை. அந்த விளக்கம் மறுமையில் எடுபடுமா என்று உம்மா கேட்டார்கள்.

மறுநாளே எங்கள் தெருவுக்கு அருகில் உள்ள மெக்கானிக் பாயிடம் வண்டியை விட்டோம். சில மாதங்களுக்கு முன் வேறொரு பணிமனையில் முன்சக்கரப் பேடுகளை மாற்றிப் பணமும் கொடுத்திருந்தோம். பெடல் அப்படியே இருந்தது. இவரோ எதையும் கழற்றுவதற்கு முன் இருக்கையில் அமர்ந்து பெடலைக் காலால் விசாரித்தார். அந்த விசாரணையை எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

முதலில், பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருந்தார். அது மெல்ல மெல்ல இறங்கியிருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள்வாஷர் போயிருக்கிறது என்று பொருள். இறங்கவில்லை. பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, அழுத்தியபடியே இன்ஜினை இயக்கினார். பெடல் சற்றுக் கீழே போயிற்று. ஆகவே பூஸ்டர் நலம். அதுவும் கெட்டிருந்தால் பெடல் கல்லைப்போல் நின்றிருக்கும். விலை கூடிய இரண்டு பாகங்களை மாற்றத் தேவையில்லை என்பது இப்படிச் செலவின்றித் தெரிந்தது. இரண்டாம் மிதியில் பெடல் உயர்கிறதென்றால் பின்சக்கர டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது குழாயில் காற்று இருக்கலாம் என்றார். ஜாக்கி வைத்துப் பின்சக்கரங்களைக் கழற்றச் சொன்னார்.

இடப்பக்க டிரம்மைத் திறந்ததும் காரணம் கண்முன் கிடந்தது. வீல் சிலிண்டர் கசிந்து ஷூ லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தது. தேய்மானத்துக்கு ஏற்பத் தானாக இடைவெளியைக் குறைக்க வேண்டிய அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஷூ டிரம்மைத் தொடுவதற்கே முதல் மிதி முழுவதும் செலவாகிவிட, பிடிப்பதற்கு இரண்டாம் மிதி வேண்டியிருந்தது. பிரேக் ஆயில் குறைந்தபோதெல்லாம் நாங்கள் ஊற்றி நிரப்பினோமே, அது எங்கே போகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை!

அந்த ஆயிலும் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது உள்ளே நீராவி உண்டாகும். ஆயில் அமுங்காது, நீராவி அமுங்கும், பெடல் பஞ்சாகிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள் என்றார். கடல் காற்று வீசும் நம் ஊருக்கு அது இன்னும் பொருத்தம்.

உதிரிபாகங்களை ஜி.பி. சாலையில் நாங்களே வாங்கி வந்தோம். ஒரே ஷூ கடைக்குக் கடை விலை மாறியது; உறையைக் கவனமாகப் பார்த்து, சந்தேகத்துக்கு இடமளித்த மலிவைத் தவிர்த்தோம். இந்தியா முழுவதும் ஓடும் வண்டிகளுக்குப் பிரேக் செய்யும் ஊர் இது. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில்தான் இருக்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஓராண்டாகக் கால் வித்தையில் வண்டி நிறுத்தியிருக்கிறோம்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் சிலிண்டரையும் ஷூவையும் இரு பக்கமும் சேர்த்தே மாற்றினார். இல்லையேல் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாம். டிரம்மிலிருந்த தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம் என்று பையனைத் தடுத்து, ஈரத் துணியால் துடைக்க வைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. பிறகு ஏர் எடுக்கும் வேலை. நாங்கள் இருக்கையில் அமர்ந்து மிதிக்க, அவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து மூடினார். "மிதிங்க பாய். பிடிங்க. விடுங்க." பிளாஸ்டிக் குழாய்வழியே கறுத்த ஆயிலும் குமிழிகளும் வெளியேறி, கடைசியில் தெளிந்த ஆயில் மட்டும் வந்தது. நோன்பு வைத்துக்கொண்டே அவர் இதை நான்கு சக்கரங்களுக்கும் செய்தார்.

புதிய பெடல் முதல் மிதியிலேயே உயரத்தில் நின்று பிடித்தது. எங்கள் கால்தான் திருந்தவில்லை. லஸ் முனையில் பழக்கத்தில் இரண்டாம் முறையும் மிதித்துவிட, பின்னால் வந்தவர் ஹாரனை அலறவிட்டார்.

பெருநாள் முடிந்த வாரம் இராயப்பேட்டை அன்பரை வீட்டுக்கு அழைத்தோம். ஆட்டோவில் இடித்தது, எண்ணெயில் ஊறிய ஷூ, முன்பு அவரிடம் சொன்ன "சரியாக இருக்கிறது" எல்லாவற்றையும் சொல்லி, பழைய ஷூவையும் காட்டினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. எங்களைப் பார்ப்பதைத் தவிர்த்து அந்த ஷூவையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிள்ளைங்கள ஏத்துற வண்டி பாய்" என்றார் கடைசியில். வேண்டாம் என்றால் முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றோம். தாமே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். சாவியைக் கொடுத்துவிட்டு இம்முறை நாங்கள் பின்னிருக்கையில் அமர்ந்தோம். சாந்தோம் நெடுஞ்சாலையில் நான்கு இடங்களில் நிறுத்திப் பார்த்தார். பேசிய விலையில் மூவாயிரம் ரூபாய் குறைக்கச் சொன்னார், குறைத்தோம்.

ஆவணங்களில் கையெழுத்திடும்போது, மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் நனைந்து பிடிப்புக் குறையும், மெதுவாகச் சென்றபடி பெடலை இலேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள் என்று மெக்கானிக் பாய் சொன்னதையும் அவரிடம் சொல்லிவைத்தோம். அவர் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.