நாங்கள் உயர்த்திய நான்கு அங்குலம்

பழைய பொருளைப் பழுது பார்ப்பது ஒன்று. அதனை நம் விருப்பத்திற்கேற்ப மாற்றியமைப்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள எங்கள் சகோதரர் இருவருக்கும் ஏறக்குறைய ஓராண்டுக் காலமும், கையிலிருந்த சேமிப்பில் பெரும்பகுதியும் தேவைப்பட்டன. அந்த அனுபவத்தை இவ்விதழின் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் தந்தையார் ஊத்துக்கோட்டைச் சாலையை அடுத்துச் செங்கல் சூளை நடத்தி வந்தார். ஒரு மழை பெய்தால் போதும், சூளைக்குச் செல்லும் வழியில் மாட்டு வண்டியே அச்சுவரை புதைந்துபோகும். ஆகவே 1978-ஆம் ஆண்டில் அவர் ஒரு பழைய மகிந்திரா ஜீப்பை விலைக்கு வாங்கினார். அது 1965-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பெட்ரோல் வண்டி. எங்கள் தாயாரைப் பேறுகாலத்திற்கு அழைத்துச் சென்றதும், எங்களைப் பள்ளியில் சேர்க்கக் கொண்டு சென்றதும் அந்த வண்டியே. அது எங்கள் வீட்டில் ஓர் உறுப்பினராகவே வளர்ந்தது எனலாம்.

ஜீப்பின் வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல், வில்லிஸ், போர்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்தபின் வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் அவற்றைப் பூட்டத் தொடங்கினர். எங்கள் வண்டி சி.ஜே.3பி என்னும் வகையைச் சேர்ந்தது. அதன் முன்மூடி உயர்ந்து, அகன்ற நெற்றிபோல் காணப்படும். சிறுவர்களாக இருந்தபோது நாங்கள் அதனை எள்ளி நகையாடியதுண்டு. முந்திய வகையில் இருந்ததைவிட உயரமான இயந்திரத்தை உள்ளே வைக்க வேண்டியிருந்ததால்தான் மூடியும் உயர்ந்தது என்பதைப் பின்னரே அறிந்தோம். அந்த வண்டியில் காரணமின்றி அமைந்த உறுப்பு எதுவுமில்லை.

ஆண்டுகள் உருண்டோடின. சூளை நின்றது. எங்களுள் மூத்தவன் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்து லேத் பட்டறை வைத்தான். இளையவன் அங்குள்ள உருக்காலை ஒன்றில் மேற்பார்வையாளன் ஆனான். இரும்பைக் கடையவும் உருக்கவும் தெரிந்த இருவருக்கு ஒரு பழைய ஜீப் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? 2016-ஆம் ஆண்டில், கரடுமுரடான வழிகளில் ஜீப் ஓட்டும் நண்பர் சிலரின் பழக்கம் எங்களுக்கு ஏற்பட்டது. அவர்களுடைய வண்டிகள் யானைக் கன்றுகளைப்போல் உயர்ந்து நின்றன. எங்களுடையதோ அவற்றின் நடுவே ஆட்டுக்குட்டியைப்போல் தோன்றியது. ஆசை பிறந்தது.

சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரிப் பாகங்கள் குவிந்து கிடக்கும் கடைகளில் பல ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டினோம். அவற்றைத் தாங்கும் ஷாக்கிள்களை எங்கள் பட்டறையிலேயே நீளமாகச் செய்து பொருத்தினோம். வண்டி நான்கு அங்குலம் உயர்ந்தது. பழைய மெல்லிய டயர்களைக் கழற்றிவிட்டு, முப்பத்து மூன்று அங்குல உயரமுள்ள அகன்ற டயர்களை மாட்டினோம். வண்டியைத் தெருவில் நிறுத்தியபோது அண்டை வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினர். எங்கள் உள்ளமும் பூரித்தது.

அப்போது தந்தையாருக்கு எழுபத்தெட்டு வயது. திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஓட்டுநர் பக்கம் சென்று கைப்பிடியைப் பற்றிக் காலைத் தூக்கினார், கால் எட்டவில்லை. மீண்டும் முயன்றார். பின்பு சிரித்துக்கொண்டே, "ஏறுவதற்கு ஏணி எங்கே, தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே சென்றார். நாங்களும் சிரித்தோம். அன்றிரவு உணவு பரிமாறியபோது தாயார் எங்கள் முகத்தைப் பாராமலே, "இனி அப்பா அதில் ஏறமாட்டார்" என்றார். அச்சொல் எங்களைத் தைத்தது. எனினும், ஒரு படிக்கட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று எங்களையே தேற்றிக்கொண்டோம்.

குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. ஷாக்கிளை நீட்டியதால் முன் அச்சின் சாய்வு மாறிவிட்டது. சாலையில் ஸ்டீயரிங் நேராக நில்லாமல் அலைந்தது. இவ்வகை ஜீப்பின் முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் எண்பது அங்குலமே. எனவே பின்னால் செல்லும் புரொப்பல்லர் ஷாப்டும் மிகக் குட்டையானது. வண்டி உயர்ந்ததும் அது செங்குத்தாகச் சாய்ந்து, அதன் ஜாயின்டுகள் அதிர்ந்து தேய்ந்தன. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் ஓடுவதால், கியர் ஒரு படி கூடியதுபோலாகி, இழுக்கும் ஆற்றல் குறைந்தது. மேடேறுவதற்காகச் செய்த மாற்றத்தால் மேட்டில் வண்டி திணறியது!

எல்லாவற்றிலும் கொடியது பிரேக். சிறிய டயருக்கு அளவாகச் செய்த பிரேக் டிரம், பெரிய டயரைப் பிடித்து நிறுத்தப் போதவில்லை. ஒருநாள் மாலை பெரியபாளையம் சாலையில் வந்துகொண்டிருந்தபோது, பள்ளிச் சிறுவன் ஒருவன் மிதிவண்டியோடு திடீரெனக் குறுக்கே வந்தான். முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தோம். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வழுக்கிச் சென்று, அவனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சிறுவன் ஒன்றும் நேராததுபோல் போய்விட்டான். நாங்கள்தாம் நெடுநேரம் அவ்விடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் காலை தந்தையாரிடம் அனைத்தையும் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நாற்பது வருடம் அந்தச் சூளை மண்ணில் ஓட்டினேனே, எத்தனை முறை மாட்டிக்கொண்டேன்?" என்று மட்டும் வினவினார். விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் வேகத்தை நம்பியவரல்லர். அந்த ஜீப்பில் கியர்ப் பெட்டியோடு துணைக் கியர்ப் பெட்டி ஒன்றும் உண்டு. அதன் சிறு கோலைத் தாழ்ந்த நிலைக்கு மாற்றினால் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரைப் பங்கு குறைந்து, இழுப்பு அத்தனை மடங்கு கூடும். இளகிய மணல் வந்தால் அவர் டயரில் காற்றைச் சிறிது குறைப்பார். டயர் பரந்து, மணலில் புதையாமல் மிதக்கும். நாங்கள் பணம் கொடுத்து வாங்க முயன்றது அவ்வண்டியிலேயே இருந்தது.

நான்கு அங்குலத்தையும் இறக்கிவிட்டோம். அது நல்லதாயிற்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. நண்பர்களின் வண்டிகளைக் கண்டு மயங்கிய நாங்கள் இச்சட்டத்தை அதுவரை படித்ததேயில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பின்னர் நாங்கள் செய்த வேலைகள் கண்ணுக்குத் தெரியாதவை. தளர்ந்த பட்டைகளுக்குப் பதிலாக அதே அளவில் புதியவற்றை இட்டோம். அதே அளவில் ஆழ்ந்த வெட்டுகளுள்ள டயர்களை மாட்டினோம். பிரேக் முழுவதையும் புதுப்பித்தோம். அச்சுகளின் காற்றுத் துளைகளுக்கு இரப்பர்க் குழாய் பொருத்தி மேலே கொண்டு சென்றோம். நீரில் இறங்கும்போது உள்ளே தண்ணீர் புகாது. தெருப் பிள்ளைகள் இம்முறை கைதட்டவில்லை. தந்தையார் தாமே ஏறி அமர்ந்து ஒலிப்பானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்கால் அளவு நீர் தேங்கியது. பக்கத்து வீட்டு மூதாட்டியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. குறித்த நாளில் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றே ஆகவேண்டும். ஆட்டோவோ காரோ வர இயலவில்லை. எண்பத்தைந்து வயதுத் தந்தையார் திண்ணையிலிருந்தபடியே எங்களுக்குக் கட்டளையிட்டார். முதலில் கோலூன்றி நடந்து ஆழம் பார்க்கச் சொன்னார். நீர் ஓடினால் இறங்கவே கூடாது என்றார். மின்விசிறி நீரை வாரி இயந்திரத்தின்மேல் இறைக்காதபடி அதன் பெல்ட்டைக் கழற்றச் செய்தார். டிஸ்டிரிபியூட்டரை எண்ணெய்த் துணியால் மூடச் செய்தார். "தாழ்ந்த கியரில் மெதுவாகப் போங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள், கியரும் மாற்றாதீர்கள். கரையேறியதும் பெல்ட்டை மாட்டிவிட்டு, பிரேக்கை இலேசாக மிதித்தபடியே சிறிது தூரம் ஓட்டி ஈரத்தைப் போக்குங்கள்" என்றார்.

மூதாட்டியார் நீரில் நின்றவாறே கைப்பிடியைப் பற்றிக் காலைத் தூக்கி வைத்தார். கால் எட்டியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; ஒன்றும் பேசவில்லை. தண்ணீரைப் பிளந்துகொண்டு ஜீப் மெல்ல நகர்ந்தது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் தந்தையர் விட்டுச்சென்ற தையல் இயந்திரமோ, மிதிவண்டியோ, ஏர்க்கலப்பையோ இருக்கலாம். அதனை மாற்ற எண்ணினால், கருவியை எடுக்குமுன் அதனைக் கையாண்டவரை ஒருமுறை கேளுங்கள். எங்கள் தந்தையார் இன்றும் திண்ணையில் அமர்ந்து ஜீப்பின் ஒலியைக் கொண்டே அதன் குறையைச் சொல்லிவிடுகிறார். நாங்கள் குறித்துக்கொள்கிறோம்.