சுமை இருக்க வேண்டிய இடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய கிடங்குகளுக்குள் புதிதாக வருகிறவர்கள் ரேக்குகளின் உயரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குப் பார்வை கீழ்த்தட்டுக்குத்தான் போகும். கிடங்குப் பாதுகாப்பு என் தொழில். யார் எங்கே குனிகிறார்கள், எவ்வளவு தூரம் கையை நீட்டுகிறார்கள், சுமையோடு எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று கவனிப்பதில்தான் என் நாளின் பெரும்பகுதி போகிறது.

முதுகுவலி என்று ஒருவர் விடுப்பு கேட்டால் நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்வது, "தூக்கத் தெரியவில்லை, பயிற்சி கொடுங்கள்." முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று சுவரில் படம் ஒட்டுவார்கள். சில இடங்களில் இடுப்பு பெல்ட்டும் கொடுப்பார்கள். கடைகளில் சரக்குத் தூக்குவோரிடம் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் நடத்தி 2000-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த பெல்ட்டால் முதுகுக் காயம் குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சுவரில் ஒட்டிய படமும் கீழ்த்தட்டில் உதவாது. உள்ளே தள்ளியிருக்கும் பெட்டியை எடுக்கும்போது, சரக்கை அடுக்கிவைக்கும் தட்டான பேலட்டின் விளிம்பு முழங்காலைத் தடுக்கும். மேலிருக்கும் பீம் தலையை இடிக்கும். முதுகை வளைத்துத்தான் எடுத்தாக வேண்டும்.

தண்ணீர்க் குடத்தை யாரும் கையை நீட்டி ஏந்திக்கொண்டு போவதில்லை. இடுப்போடு அணைத்துத்தான் போவார்கள். நையோஷ் 1991-ல் திருத்திய சுமைக் கணக்கு இதையே எண்களில் சொல்கிறது. சுமை உடம்பை ஒட்டி, தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது தூக்குவதாக இருந்தால் வரம்பு 23 கிலோ. கணுக்காலிலிருந்து கைப்பிடி 50 செ.மீ. தள்ளிப்போனால் அது 11.5 கிலோவாகப் பாதியாகும். அதே தூரத்தில் பெட்டி தரையில் கிடந்தால் ஏறக்குறைய 9 கிலோ. அதையும் பக்கவாட்டில் முழுக்கத் திரும்பி எடுத்தால் 6 கிலோ சொச்சம்தான். பெட்டியின் எடை மாறவே இல்லை. அது இருந்த இடம்தான் வரம்பை இவ்வளவு கீழே இறக்கியது. நம் ஊர் சிமெண்ட் மூட்டை 50 கிலோ என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே என் வேலையில் முதல் மாற்றம் சரக்கை இடம் மாற்றுவது. அதிகம் ஓடும் சரக்கும் கனமான சரக்கும் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே வர வேண்டும். எப்போதாவது கேட்கப்படுவது கீழே போகலாம், எடை குறைந்தது மேலே போகலாம். தீபாவளி சமயத்தில் ஓடும் சரக்கே வேறு என்பதால், சீசனுக்கு முன்பே அடுக்கை மாற்றிவிட வேண்டும். தரையில் வைத்தே ஆக வேண்டிய பேலட்டின் அடியில், உடையாத காலி பேலட்டுகளை ஆடாமல் அடுக்கினால் கணிசமான உயரம் கிடைக்கும். பணம் இருக்கும் இடத்தில் கத்தரி லிஃப்ட் மேஜை வாங்கலாம். சரக்கு குறையக் குறைய அதை மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது சக்கரம். டிராலியை இழுப்பதைவிடத் தள்ளுவது நல்லது. ஆனால் தேய்ந்த சக்கரமும் சரக்கு ஏற்றி இறக்கும் டாக் வாசலில் பெயர்ந்த தரையும் இருந்தால் எப்படித் தள்ளினாலும் தோள்தான் அடிவாங்கும். சக்கரத்தை மாற்றுவதும் தரையைப் பூசுவதும் மிகக் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருபவை.

பேக்கிங் மேஜை முழங்கை உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே உயரத்தில் மேஜை போட்டால், உயரமானவர் நாள் முழுக்கக் குனிவார், குள்ளமானவர் தோளைத் தூக்கியபடி நிற்பார். டேப்பும் ஸ்கேனரும் முன்கை எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். உட்கார இடமும் வேண்டும். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. நிற்கும் கால்களின் வலியை அரசே ஏற்றுக்கொண்ட பிறகு, கிடங்கு மட்டும் அதைப் பார்க்காமல் இருப்பது சரியில்லை.

எங்கே மாற்ற வேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள். உள்ளே போன பெட்டியை இழுக்கக் கம்பியை வளைத்துக் கொக்கி செய்து ரேக்கில் மாட்டியிருப்பார்கள். காலுக்கடியில் அட்டையை மடித்துப் போட்டிருப்பார்கள். ஒழுங்கு கெடுகிறது என்று மேற்பார்வையாளர்கள் அவற்றைப் பிடுங்கி எறிவதுண்டு. நான் அவற்றைத் தேடிப் போவேன். கொக்கி தொங்கும் இடத்தில் கை எட்டவில்லை. அட்டை கிடக்கும் இடத்தில் கால் வலிக்கிறது. "அண்ணே, இது எதுக்கு?" என்று மரியாதையாகக் கேட்டால், எந்த ஆலோசகரும் தராத விவரம் வந்துவிடும்.

நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த பயிற்சி வகுப்புக்குத் தேதி குறிக்கும் முன், ஓர் அளவு டேப்போடு உங்கள் கிடங்குக்குள் இறங்குங்கள். அதிகம் எடுக்கப்படும் பெட்டிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில், உடம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். எடுக்கிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை இடம் மாற்றுங்கள். பயிற்சி அதற்குப் பிறகு வரட்டும்.