ஹில்டன் தெருவில் ஒரு பலகை

நம் சங்கத்து அன்பர்கள் பலரைப் போல நானும் மகனைக் காணக் கடல் கடந்தவன். அவன் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பணிபுரிகிறான். அந்நாட்டுப் பழம்பாடல்களைக் காத்த பெரும் பாடகி ஒருவருக்கு அங்கே நினைவுச் சின்னம் உண்டென்று கேள்வியுற்றுக் காணப் புறப்பட்டேன். சிலை நிற்கும், சுற்றிலும் பூங்கா இருக்கும் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். ஹில்டன் தெரு 90-ஆம் எண் வீட்டில் ஒரு பலகை, அவ்வளவே!

அவ்வீட்டில் வாழ்ந்தவர் ஜீனி ராபர்ட்சன் (1908–1975). ஊர் ஊராய்த் திரிந்து, தகரப் பாத்திரம் செப்பனிட்டும் குதிரை விற்றும் பிழைத்த நாடோடிக் குடியில் வந்தவர். அக்குடியினரை 'டிங்கர்' என்று இகழ்ந்து ஒதுக்கினர் ஊரார். ஆயினும் அறிஞர்கள் ஏட்டில் தேடிய நெடுங்கதைப் பாட்டுகள், இகழப்பட்ட அம்மக்களின் கூடாரங்களிலேதான், தாய் பாட மகள் கேட்க, உயிரோடு உலவிக்கொண்டிருந்தன.

1953-இல் எடின்பரோப் பல்கலைக் கழகத்துக்காகப் பாட்டுத் தேடிச் சென்ற ஹேமிஷ் ஹெண்டர்சன் ஜீனியின் கதவைத் தட்டினார். நாள் முழுதும் உழைத்துக் களைத்திருந்த அம்மையார் அவரை உள்ளே விடத் தயங்கினாராம். 1411-ஆம் ஆண்டு நடந்த ஹார்லாப் போரின் பாட்டைப் பற்றிப் பேச்செழுந்த பின்னரே கதவு திறந்தது என்பர். திறவாதிருந்தால்? நாற்று நடுகைப் பாட்டை முணுமுணுத்த என் பாட்டியை, பம்பாயில் அண்டை வீட்டார் நகைப்பரென்று வாய்மூடச் செய்தவன் நான். அதில் ஓரடியும் இன்று என்னிடம் இல்லை.

ஜீனிக்கு 1968-இல் அரசாங்கம் எம்.பி.இ. விருதளித்தது. மகள் லிஸி ஹிக்கின்ஸ் (1929–1993) மீன் அரியும் தொழில் செய்தவர், 1967-இல்தான் மேடையேறினார். தந்தை ஊதிய துருத்திக் குழலின் நெளிவுகளைக் குரலில் கொண்டுவந்தவர். உண்மையைச் சொன்னால், தாயினும் மகளின் குரலே என்னைப் பிணித்தது. அவருக்கும் அங்கே இரண்டு வரி ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

மகன் கைப்பேசியில் ஜீனியின் பாட்டொன்றை ஒலிக்கச் செய்தான். மொழி எனக்கு விளங்கவில்லை. காய்கறிப் பையுடன் அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் சற்றே நின்றார். இரண்டடி கூடவே பாடினார். பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.